மண்ணில் புதைத்து எடுத்த பொய்கள்

பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் ஓர் எலும்பு தன் வயதைத் தானே முழுமையாகச் சொல்லிவிடுவதில்லை. எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், வேறு எந்த உயிரினங்களின் எச்சங்களோடு அது கிடந்தது என்ற விவரங்களே அதற்குப் பொருள் தருகின்றன. அடுக்கிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்துவிட்டால், அதன் வரலாற்றில் பெரும்பகுதி எடுத்தவரின் வாய்மொழியையும் குறிப்பேட்டையும் நம்பியே நிற்கும். வேதியியல் சோதனை ஒன்றில் சந்தேகம் வந்தால் வேறொரு ஆய்வுக்கூடத்தில் மறுபடி செய்து பார்க்கலாம். தோண்டிய குழியை மறுபடி மூடி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து தோண்டிப் பார்க்க முடியாது. தொல்லுயிரியலிலும் தொல்லியலிலும் நடந்த பெரிய மோசடிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வழியாகத்தான் உள்ளே நுழைந்தன.

இவற்றில் மிகப் பழையதும் விசித்திரமானதும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் நடந்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த யோஹான் பெரிங்கர், இளவரச ஆயரின் அரண்மனை வைத்தியராகவும் விளங்கியவர். புதைபடிவங்களைச் சேகரிப்பதில் அவருக்குப் பெரும் ஆர்வம். 1725ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், அவர் கூலி கொடுத்து அமர்த்தியிருந்த இளைஞர்கள் அருகிலிருந்த ஐபெல்ஷ்டாட் குன்றிலிருந்து சில கற்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் உருவங்கள் புடைப்பாக இருந்தன. அடுத்த சில மாதங்களில் கற்கள் வந்து குவிந்தன. ஏறக்குறைய 2,000 சேர்ந்தன. பல்லி, தவளை, வலையோடு சிலந்தி, பூவில் தேனெடுக்கும் தேனீ என்று உயிரினங்கள் இருந்தன. அதோடு நிற்கவில்லை. சூரியன், பிறை நிலா, வால்நட்சத்திரம், ஹீப்ரு எழுத்தில் கடவுளின் பெயர் ஆகியவையும் கல்லில் இருந்தன.

இன்றைக்குப் பள்ளி மாணவரும் இதை நம்பமாட்டார். ஆனால் பெரிங்கரின் காலத்தில் புதைபடிவம் என்றால் என்ன என்பதே தீராத விவாதமாக இருந்தது. நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் மடிந்த உயிர்களின் மிச்சம் என்றனர் சிலர். பாறைக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு படைப்புச் சக்தி உருவங்களைச் சமைக்கிறது என்றனர் வேறு சிலர். கடவுளே தம் விருப்பப்படி கல்லில் உருவங்களை வைத்தார் என்ற கருத்தும் இருந்தது. பெரிங்கர் இவற்றையெல்லாம் அலசினார். உருவங்களின் ஓரத்தில் உளி பட்டதுபோன்ற கோடுகள் இருப்பதையும் அவர் கவனித்தார். கவனித்ததை எழுதியும் வைத்தார். அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவை மட்டும் எடுக்கவில்லை. 1726இல் 21 படத்தாள்களோடு லத்தீன் மொழியில் தம் நூலை வெளியிட்டார்.

கற்களைச் செதுக்கும் வேலைக்குப் பின்னால் இருந்தவர்கள் அவருடைய சக பேராசிரியர் இக்னாட்ஸ் ரோடெரிக்கும், அரண்மனை நூலகரான யோஹான் கியோர்க் ஃபான் எக்ஹார்ட்டும். பெரிங்கரின் செருக்கு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. விளையாட்டு கைமீறிப் போவதைக் கண்டு, கற்கள் போலி என்ற செய்தியை நூல் வருமுன்பே அவர்கள் பரப்பினார்கள். பெரிங்கரோ தம் புகழைக் கெடுக்கவே பொறாமைக்காரர்கள் வதந்தி கிளப்புகிறார்கள் என்று முடிவுகட்டி, நூலில் ஓர் அத்தியாயத்தையே அதை மறுக்க ஒதுக்கினார். உண்மை தெரிந்தபின் தம் மானத்தைக் காக்க அவர் வழக்குத் தொடுத்தார். 1726 ஏப்ரலில் நடந்த விசாரணையின் ஆவணங்கள் 20ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டன. இன்று இந்தச் சதி பற்றி உறுதியாகத் தெரிவதெல்லாம் அவற்றிலிருந்து வந்ததே. தம் பெயரே பொறித்த ஒரு கல்லைக் கண்டு பெரிங்கர் உண்மையை உணர்ந்தார், விற்ற நூல்களையெல்லாம் விலைகொடுத்து வாங்கி எரித்தார், அவமானத்தில் செத்தார் என்று பரவலாகச் சொல்லப்படும் கதை நிற்காது. அவர் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார், மேலும் நூல்கள் எழுதினார். ரோடெரிக்தான் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது.

பெரிங்கருக்கு நேர்ந்தது ஒரு தனிமனிதரின் துயரம். அறிவியல் அதனால் பெரிதாகத் தடம் மாறவில்லை. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் நடந்த மோசடி அப்படிப்பட்டதல்ல; அது மனித இனத்தின் தோற்றம் குறித்த ஆராய்ச்சியையே நாற்பது ஆண்டுகள் குழப்பிவிட்டது.

1912 பிப்ரவரியில், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவுத் தலைவர் ஆர்தர் ஸ்மித் உட்வர்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சார்லஸ் டாசன். சசெக்ஸ் மாவட்டத்தில் வழக்கறிஞர். பழம்பொருள் சேகரிப்பதில் ஊரறிந்தவர். உட்வர்டுக்கு நெடுநாள் நண்பர். பில்ட்டௌன் என்ற சிற்றூரின் சரளைக்கல் குழியில் தடித்த மனித மண்டையோட்டின் துண்டு கிடைத்திருப்பதாகவும், சில ஆண்டுகளுக்கு முன் குழியில் வேலைசெய்த தொழிலாளி ஒருவர் முதல் துண்டைத் தந்ததாகவும் டாசன் சொன்னார். அந்தக் கோடையில் டாசனும் உட்வர்டும் சேர்ந்து தோண்டினார்கள். பின்னாளில் தத்துவஞானியாகப் புகழ்பெற்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி தெயார் த ஷார்தானும் அவ்வப்போது வந்து கலந்துகொண்டார். மண்டையோட்டின் மேலும் சில துண்டுகள், பாதிக் கீழ்த்தாடை, கல் கருவிகள், பழங்கால விலங்குகளின் பற்கள் ஆகியவை கிடைத்தன.

1912 டிசம்பர் 18 அன்று லண்டன் நிலவியல் கழகத்தின் நிரம்பி வழிந்த கூட்டத்தில் இந்தக் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. மண்டையோடு மனிதனுடையது போல இருந்தது. தாடை குரங்கினுடையது போல இருந்தது. தாடையில் இருந்த இரு கடைவாய்ப் பற்கள் மட்டும் மனிதப் பற்களைப் போலத் தட்டையாகத் தேய்ந்திருந்தன. குரங்கிலிருந்து மனிதன் உருவான வழியில் நின்ற உயிரினம் இது என்று உட்வர்ட் முடிவுசெய்து, நண்பரின் பெயரையே சேர்த்து ‘இயோஆந்த்ரோபஸ் டாசோனி’ என்று பெயரிட்டார். ‘டாசனின் விடியற்கால மனிதன்’ என்பது அதன் பொருள்.

இங்கிலாந்து அறிஞர்கள் இதை வரவேற்றதற்குக் காரணங்கள் இருந்தன. நியாண்டர்தால் மனிதனின் எலும்புகள் 1856இலேயே ஜெர்மனியில் கிடைத்துவிட்டன. 1907இல் ஹைடல்பர்க் அருகே மிகப் பழைய தாடை ஒன்று கிடைத்தது. பிரான்சிலோ குகைக்குக் குகை தொல்மனிதர்களின் தடயம் இருந்தது. இங்கிலாந்தின் கையில் அப்படி எதுவும் இல்லை. அதைவிட முக்கியமானது, மனிதனை மனிதனாக்கியது மூளைதான், பரிணாமத்தில் முதலில் வளர்ந்ததும் மூளையாகவே இருக்கவேண்டும் என்று அன்றைய பெரிய உடற்கூறு அறிஞர்கள் நம்பியது. பெரிய மண்டையும் குரங்குத் தாடையும் சேர்ந்த பில்ட்டௌன் எலும்புகள் அந்த நம்பிக்கைக்கு அச்சு அசலாகப் பொருந்தின. விவாதங்கள் நடக்கவே செய்தன. ஆனால் அவை துண்டுகளை எப்படி இணைப்பது, மூளையின் அளவு உட்வர்ட் சொல்வதுபோல் 1,070 கன சென்டிமீட்டரா, உடற்கூறு அறிஞர் ஆர்தர் கீத் சொல்வதுபோல் ஏறக்குறைய 1,500ஆ என்பதைப் பற்றியவை. தாடையும் மண்டையும் ஒரே உயிரினத்தினுடையவையா என்ற கேள்வியைக் கேட்டவர்கள் ஓரத்தில் நின்றார்கள்.

அப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் உடற்கூறுப் பேராசிரியர் டேவிட் வாட்டர்ஸ்டன், அந்தத் தாடை குரங்கினுடையது, மண்டை மனிதனுடையது, இரண்டையும் இணைக்கவே கூடாது என்று 1913லேயே எழுதினார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கெரிட் மில்லர் 1915இல் அதே முடிவுக்கு வந்தார். பிரான்சின் மார்சலின் பூலும் அதையே சொன்னார். தாடை மண்டையுடன் இணையும் முனை உடைந்து காணாமல் போயிருந்தது. முகவாயின் நடுப்பகுதியும் இல்லை. இரண்டும் பொருந்துமா என்று சோதிக்க உதவக்கூடிய இடங்கள் இவைதாம். மோசடி செய்தவருக்கு உடற்கூறு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எதிர்ப்பு எழும்போதெல்லாம் அதற்கு விடையாகப் புதிய பொருளொன்று குழியிலிருந்து கிளம்பியது. இப்படிப்பட்ட உயிரினத்துக்குக் கோரைப்பல் இன்ன வடிவில் இருக்கும் என்று உட்வர்ட் மாதிரி செய்துகாட்டினார். 1913 ஆகஸ்டில் தெயார் அதே வடிவில் ஒரு கோரைப்பல்லைக் கண்டெடுத்தார். 1914இல் யானை எலும்பில் செதுக்கிய கருவி ஒன்று வந்தது. பார்க்கக் கிரிக்கெட் மட்டை போலவே இருந்தது. குரங்குத் தாடையும் மனித மண்டையும் தற்செயலாக ஒரே குழியில் விழுந்திருக்கலாமே என்ற வாதத்துக்கும் பதில் வந்தது. சில கிலோமீட்டர் தள்ளி வேறோர் இடத்தில் அதே வகை மண்டைத் துண்டுகளும் ஒரு பல்லும் கிடைத்ததாக 1915இல் டாசன் தெரிவித்தார். 1916 ஆகஸ்டில் டாசன் இறந்தார். மறு ஆண்டு உட்வர்ட் இந்த இரண்டாம் கண்டுபிடிப்பை அறிவித்தபோது, தயங்கியிருந்த பலர் வாயடைத்துப் போனார்கள். தற்செயல் ஒருமுறை நடக்கலாம், இரண்டு முறை நடக்குமா?

டாசனுக்குப் பின் பில்ட்டௌனில் ஒன்றுமே கிடைக்கவில்லை. உட்வர்ட் ஓய்வுபெற்றதும் அந்தப் பகுதிக்கே குடிபெயர்ந்து பல ஆண்டுகள் தோண்டிப் பார்த்தார். கண்பார்வை போனபின் ‘முதல் ஆங்கிலேயன்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலைச் சொல்லி எழுதவைத்தார். அவர் 1944இல் இறந்தார். நூல் 1948இல் வந்தது. அந்த முதியவர் மோசடியில் பங்கேற்றவராக இருந்திருந்தால் பயனில்லாத குழியில் வாழ்நாளைக் கழித்திருக்கமாட்டார். நண்பரை நம்பியதற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

அவரைவிடப் பெரிய விலை கொடுத்தவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 1924இல் அங்கே தவுங் என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து ஒரு குழந்தையின் மண்டையோடு ரேமண்ட் டார்ட் என்ற இளம் உடற்கூறு அறிஞரிடம் வந்துசேர்ந்தது. மூளை சிறியது, ஆனால் பற்கள் மனிதப் பற்களை ஒத்தவை, தண்டுவடம் மண்டைக்குள் நுழையும் துளை அமைந்திருந்த இடம், அது நிமிர்ந்து நடந்த உயிர் என்பதைக் காட்டியது. 1925 பிப்ரவரியில் டார்ட் அதற்கு ‘ஆஸ்ட்ரலோபித்திகஸ் ஆஃப்ரிக்கானஸ்’ என்று பெயரிட்டு, மனிதனுக்கும் குரங்குக்கும் இடைப்பட்ட உயிர் என்றார். பில்ட்டௌன் மனிதனுக்கு இது நேர் எதிர். அங்கே மூளை முதலில், இங்கே நடை முதலில். லண்டனின் பெரியவர்கள் இதை ஒரு குரங்குக் குட்டி என்று ஒதுக்கினார்கள். குழந்தையின் மண்டை என்பதும், மனிதன் ஆசியாவில் தோன்றினான் என்ற அன்றைய கருத்தும் அந்த ஒதுக்கலுக்குத் துணைநின்றன என்றாலும், பில்ட்டௌன் எலும்புகள் மேசைமேல் இருக்கும்வரை டார்ட்டின் வாதம் ஏறவில்லை. தென்னாப்பிரிக்காவில் மேலும் மேலும் அதே வகை எலும்புகள் கிடைத்தபின், 1947இல் ஆர்தர் கீத் டார்ட் சொன்னதே சரி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் போயிருந்தன. அறிவியல் மோசடியின் உண்மையான தீங்கு இதுதான். ஏமாந்தவரின் வெட்கம் கொஞ்ச நாளில் ஆறிவிடும். சரியான பாதையில் போனவரிடமிருந்து பறித்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியாது.

பில்ட்டௌன் கட்டடத்தை இடித்த முதல் கருவி ஃப்ளோரின் சோதனை. மண்ணில் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளோரினை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஒரே இடத்தில் ஒரே காலத்தில் புதைந்த எலும்புகளில் அதன் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கென்னத் ஓக்லி 1949இல் பில்ட்டௌன் எலும்புகளைச் சோதித்தபோது, மண்டையிலும் தாடையிலும் ஃப்ளோரின் மிகக் குறைவாக இருந்தது. அப்படியானால் அவற்றின் வயது 50,000 ஆண்டுகளுக்கு மேல் போகாது. பாதிக் குரங்காக இருந்த உயிர் அவ்வளவு அண்மைக் காலத்தில் எப்படி வாழ்ந்திருக்கும்? புதிர் கூடியதே தவிர, போலி என்று சொல்ல அப்போதும் யாரும் துணியவில்லை.

1953 ஜூலையில் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டின்போது, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் வைனர் இரவு விருந்தில் ஓக்லியோடு பேசிக்கொண்டிருந்தார். டாசன் கண்டுபிடித்ததாகச் சொன்ன இரண்டாவது இடம் சரியாக எங்கே இருக்கிறது என்பதற்கு அருங்காட்சியகத்தில் பதிவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. உலகத்தின் சந்தேகத்தையெல்லாம் அடக்கிய சான்று, எந்த வயலில் எடுத்தது என்றே எவருக்கும் தெரியாத சான்று! ஊருக்குத் திரும்பிய வைனர் இரவெல்லாம் யோசித்தார். இயற்கையில் இப்படி நேர வழியில்லை என்றால், யாரோ வைத்திருக்கவேண்டும். ஒரு சிம்பன்சியின் கடைவாய்ப் பல்லை அரத்தால் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தார். பில்ட்டௌன் பல்லாகவே அது மாறிவிட்டது. தம் துறைத் தலைவர் லெ கிராஸ் கிளார்க்கிடம் அதைக் காட்டினார்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. உருப்பெருக்கியின் கீழ் பற்களில் அரம் இழுத்த கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்துப் பக்கத்துப் பற்கள் வெவ்வேறு கோணத்தில் தேய்ந்திருந்தன. மெல்லுவதால் அப்படித் தேயாது. எலும்பைத் துளையிட்டபோது பழுப்பு நிறம் மேற்பரப்போடு நின்று, உள்ளே வெள்ளையாக இருந்தது. கோரைப்பல்லில் ஓவியர்கள் பயன்படுத்தும் பழுப்பு வண்ணம் பூசியிருந்தது. எலும்புக் கருவியை உலோகக் கத்தியால் செதுக்கியிருந்தார்கள். குழியில் கிடைத்த யானைப் பல்லின் கதிரியக்க அளவு இங்கிலாந்தின் எந்தப் புதைபடிவத்தோடும் ஒத்துவரவில்லை. அது துனிசியாவிலிருந்து வந்திருக்கவேண்டும் என்று கருதப்பட்டது. 1953 நவம்பர் 21 அன்று உலகத்துக்கு உண்மை அறிவிக்கப்பட்டது. பின்னர் செய்த கார்பன் காலக்கணிப்பில் மண்டைக்கும் தாடைக்கும் சில நூறு ஆண்டுகளே வயது என்று தெரிந்தது. தாடை ஓராங்உட்டான் குரங்கினுடையது.

செய்தது யார் என்ற கேள்வி அடுத்த அறுபது ஆண்டுகளுக்குப் பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. தெயார், அருங்காட்சியகத்தின் மார்ட்டின் ஹின்டன், அருகில் குடியிருந்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் என்று சந்தேகம் பலர்மேல் விழுந்தது. ஆனால் சான்றுகள் காட்டுவது டாசனைத்தான். தொல்லியலாளர் மைல்ஸ் ரஸ்ஸல் ஆராய்ந்தபோது டாசனின் பழைய சேகரிப்பிலும் பல போலிகள் வெளிப்பட்டன. 2016இல் இசபெல் டி க்ரூட் தலைமையிலான குழு டிஎன்ஏ ஆய்வும் சி.டி. ஸ்கேனும் செய்தது. முதல் குழியின் தாடையும், இரண்டாவது இடத்தில் கிடைத்ததாகச் சொன்ன பல்லும் பெரும்பாலும் ஒரே ஓராங்உட்டானுக்குச் சொந்தமானவை என்று அது கண்டது. எலும்பின் உள்துளைகளில் சரளைக்கல்லைத் திணித்து மக்கு வைத்து அடைத்த முறையும் எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருந்தது. ஒரே கை, ஒரே முறை. இரண்டாவது இடத்தோடு தொடர்புடைய ஒரே ஆள் டாசன்.

இத்தனை ஆண்டுகள் பொய் ஏன் நிலைத்தது என்பதற்கு ஒரு காரணம் அருங்காட்சியகத்தின் நடைமுறையில் இருக்கிறது. மூல எலும்புகள் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. ஆராய வந்தவர்கள் பெரும்பாலும் சாந்தில் வார்த்த நகல்களை வைத்தே வேலைசெய்ய வேண்டியிருந்தது. நகலில் அரக் கீறல் தெரியாது, சாயம் தெரியாது, ஃப்ளோரின் இருக்காது.

இங்கிலாந்தில் எலும்பைத் தேய்த்துச் சாயமேற்றும் உழைப்பாவது இருந்தது. இந்தியாவில் நடந்த மோசடியில் அதுகூட இல்லை. புதைபடிவங்கள் எல்லாம் உண்மையானவை, இடம் மட்டும் பொய். சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் விஸ்வஜித் குப்தா, 1960களிலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு இமயமலைப் புதைபடிவங்களைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அவருடைய கட்டுரைகளில் இணை ஆசிரியர்களாக இருந்தனர். பலரிடம் அவர் கல்லைக் கொடுப்பார். அவர்கள் இனம்கண்டு சொல்வார்கள். கல் எங்கே கிடைத்தது என்பதைக் குப்தா எழுதுவார்.

ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலண்ட் இந்தக் கட்டுரைகளைப் பல ஆண்டுகள் கூர்ந்து படித்தார். கோனோடான்ட் என்பது விலாங்கு போன்ற பழங்காலக் கடல் உயிரின் பல் போன்ற உறுப்பு. கண்ணுக்கு மிகச் சிறிதாகத் தெரியும். சிறு குப்பியில் நிறைய அடங்கும். பாறையின் வயதைக் கணிக்க மிகவும் பயன்படும். குப்தா இமயமலையின் பல இடங்களில் கிடைத்ததாகக் காட்டிய கோனோடான்ட்கள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆம்ஸ்டெல் ஓடை என்ற இடத்தில் கிடைப்பவற்றைப் பாதுகாப்பு நிலையிலும் கலவையிலும் அப்படியே ஒத்திருந்தன. இமயத்தில் கிடைத்ததாகச் சொன்ன சுருள்வடிவ அம்மோனாய்டுகள் மொராக்கோவின் எர்ஃபூத் பகுதியிலிருந்து வருபவற்றைப் போலிருந்தன. அந்த மொராக்கோ அம்மோனாய்டுகள் பாரிஸ் கடைகளில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை. ஒரே படிவத்தின் படம் வெவ்வேறு கட்டுரைகளில் வெவ்வேறு இடங்களின் பெயரோடும் வந்திருந்தது. 1987 ஆகஸ்டில் கனடாவின் கால்கரி நகரில், டெவோனியன் காலம் பற்றிய பன்னாட்டு மாநாட்டில் டேலண்ட் இதை வெளியிட்டார். 1989 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

இமயம் எளிதில் போய்வரக்கூடிய இடமல்ல. உயரம், பனி, எல்லைப் பகுதியின் கட்டுப்பாடுகள் எல்லாம் சேர்ந்து, குப்தா குறிப்பிட்ட இடங்களுக்கு இன்னொருவர் போய்ச் சரிபார்ப்பதை அரிதாக்கின. இடங்களையும் அவர் தெளிவின்றியே குறிப்பிட்டிருந்தார். இணை ஆசிரியர்கள் கல்லைப் பார்த்தார்கள், நிலத்தைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கம் அறிவியலுக்கு மூச்சுக்காற்று போன்றது. அதனாலேயே அதில் நஞ்சு கலந்தால் நெடுந்தொலைவு பரவுகிறது. இமயமலையின் பாறை அடுக்குகளின் வயது, பழங்காலக் கடல்களின் பரப்பு, உயிரினங்களின் பரவல் என்று பலவற்றுக்கும் இந்தக் கட்டுரைகள் மேற்கோளாக இருந்தன. நேர்மையாக உழைத்த இந்திய நிலவியலாளர்களின் வேலையும் சந்தேகத்துக்கு ஆளானது. பல்கலைக்கழக விசாரணையில் குப்தா குற்றவாளி என்று முடிவானது. ஆனாலும் அவர் வேலையை இழக்கவில்லை. 2002இல் ஓய்வுபெறும் வரை பணியில் இருந்தார். மலையேறி உண்மையான கற்களைச் சேகரித்த ஒவ்வொரு மாணவருக்கும் இது இழைக்கப்பட்ட அநீதி.

1999இல் வந்த ‘ஆர்க்கியோராப்டர்’ விவகாரம் வேறு வகை. சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் புதைபடிவம் தோண்டி விற்று வாழும் விவசாயிகள் உண்டு. முழுமையான படிவத்துக்கு விலை அதிகம் என்பதால், ஒருவர் துண்டுகளைப் பசையால் ஒட்டி ஒன்றாக்கியிருந்தார். சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறிய அந்தக் கல், அமெரிக்கச் சந்தையில் 80,000 டாலருக்கு விற்பனையானது. பறவையின் உடல், டைனோசரின் வால்! அதைப் பற்றிய கட்டுரையை இரண்டு முன்னணி ஆய்விதழ்கள் ஏற்கவில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனும் ஒட்டுவேலையைக் காட்டியது. ஆனாலும் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ நவம்பர் இதழில் அதைப் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட உயிர் என்று வெளியிட்டது. பாறை பிளக்கும்போது படிவம் இரு பலகைகளிலும் பதியும். வாலின் மறுபாதிப் பலகை சீனாவில் ஷு ஷிங் என்ற ஆய்வாளருக்குக் கிடைத்தது. அதில் வாலோடு சேர்ந்திருந்தது வேறொரு உடல். பத்திரிகை தவறை ஒப்புக்கொண்டு, அது நேர்ந்த விதத்தை விசாரித்து 2000இல் விரிவாக வெளியிட்டது. ஒட்டப்பட்ட இரு பகுதிகளும் தனித்தனியே அரிய படிவங்கள் என்பது இதில் வருத்தமான செய்தி. வால் மைக்ரோராப்டர் என்ற சிறகுள்ள டைனோசருடையது. முன்பகுதி யானோர்னிஸ் என்ற பழம்பறவையுடையது.

ஜப்பானில் அதே சமயத்தில் வெளிப்பட்ட மோசடி ஒரு நாட்டின் பாடநூலையே மாற்றவைத்தது. ஃபுஜிமுரா ஷினிச்சி தானாகக் கற்றுத் தொல்லியலுக்கு வந்தவர். 1980களிலிருந்து அவர் போகும் அகழாய்விலெல்லாம் மேலும் மேலும் பழைய கல் கருவிகள் கிடைத்தன. ‘கடவுளின் கை’ என்று அவரைப் புகழ்ந்தார்கள். மியாகி மாகாணத்தின் கமிதகமோரியில் கிடைத்தவை ஆறு லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று அறிவிக்கப்பட்டன. ஜப்பானில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் வயது நன்றாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஓர் அடுக்குக்குள் கல்லைச் செருகினாலே போதும், அடுக்கின் வயது கல்லுக்கும் வந்துவிடும். தொல்லியலாளர்கள் ஓடா ஷிசுவோவும் சார்லஸ் கீலியும் 1986லேயே ஐயம் தெரிவித்தார்கள், கேட்பாரில்லை. 2000 அக்டோபரில் மைனிச்சி நாளிதழின் செய்தியாளர்கள் மறைவாக வைத்த கேமராவில், விடிகாலையில் ஃபுஜிமுரா தனியாக வந்து குழி தோண்டிக் கற்களைப் புதைப்பது பதிவானது. நவம்பர் 5 அன்று படங்கள் வெளியாயின. அந்த ஆண்டு கமிதகமோரியில் கிடைத்த 65 பொருள்களில் 61ஐத் தானே புதைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். ஜப்பான் தொல்லியல் கழகம் அவர் தொடர்புடைய இடங்களையெல்லாம் மறுபடி ஆராய்ந்து, அவருடைய முந்து பழங்கற்காலக் கண்டுபிடிப்புகள் எவையும் செல்லா என்று 2003இல் அறிக்கை தந்தது. கருவிகள் பலவற்றில் இரும்புக் கறை இருந்தது. உழவு நிலத்தின் மேற்பரப்பில் கலப்பை பட்டுக் கிடந்த கற்கள் அவை.

அந்தச் சூட்டில் இன்னொரு கொடுமையும் நடந்தது. மோசடியில் எந்தத் தொடர்பும் இல்லாத மூத்த தொல்லியலாளர் ஒருவருடைய பழைய அகழாய்வையும் ஒரு வார இதழ் போலி என்று குற்றம்சாட்டியது. அவர் 2001இல் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தார் தொடுத்த வழக்கில் அந்த இதழின் குற்றச்சாட்டு நிற்கவில்லை. நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பொய்யைப் பிடிப்பதற்கும் சான்று வேண்டும்.

இன்று ஒரு படிவத்தை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையை ஏற்பதற்கு முன், அந்தப் படிவம் யாரும் சென்று பார்க்கக்கூடிய பொது அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பல ஆய்விதழ்கள் கேட்கின்றன. கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவு, அடுக்கின் படம், எடுக்கும்போதே பிடித்த ஒளிப்படங்கள் ஆகியவையும் எதிர்பார்க்கப்படுகின்றன. புற ஊதா ஒளியில் பசையும் சாயமும் தனி நிறத்தில் ஒளிர்வதால், ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் மொராக்கோவிலும் சீனாவிலும் புதைபடிவ வணிகம் நின்றுவிடவில்லை. செதுக்கிய, ஒட்டிய படிவங்கள் இணையத்தில் தாராளமாக விற்கப்படுகின்றன. உலகையே வியக்கவைக்கும் புதைபடிவம் கிடைத்தது என்ற செய்தியைப் படிப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். எந்த இடத்தில், எந்த அடுக்கில் எடுத்தார்கள்? எடுக்கும்போது உடனிருந்தவர் யார்? இப்போது அது எந்த அருங்காட்சியகத்தில், எல்லோரும் சோதிக்கும்படி இருக்கிறது? செய்தியில் இவற்றுக்கு விடை இல்லையென்றால், விடை வரும்வரை நம்பாமல் காத்திருங்கள்.